வரிசைக் கல்

வியட்நாமில் போர் முடிந்து, சைகோனுக்குப் பெயர் மாறி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அரிசிக் கடை வரிசை மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. அந்த வரிசையில் ஆள்தான் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சுண்ணக்கட்டியால் பெயர் எழுதிய செங்கல் ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம். கல் இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. கல்லுக்குப் பசிக்காது, கால் வலிக்காது. அந்த நாட்களில் வரிசையில் நிற்க அதைவிடத் தோதானவர் யார்?

ஒடெட் காலையிலேயே தன் கல்லை வைத்து, அதற்குக் காவலாக ஏழு வயது மகள் ஐரேனையும் உட்காரவைத்துவிட்டு, தையல் கூட்டுறவுக்கு வேலைக்குப் போனாள். காரைக்கால்காரி. கணவன் கப்ரியேல், சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று பிரான்சுக்குப் போனவன், போனவன்தான். வீட்டில் இருந்த சோளமும் முதல் நாளே கஞ்சியாகித் தீர்ந்துபோயிருந்தது.

மத்தியானம் வந்து பார்த்தால் வரிசையில் கல் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நிற்க முடியாமல் தள்ளாடினாளாம். ஐரேன் கல்லைத் தூக்கிப்போய் மர நிழலில் போட்டு அவளை உட்காரவைத்து, ஓலைத் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர்கள் நகர்ந்து இடத்தை மூடிவிட்டார்கள். ஒடெட் கெஞ்சிப் பார்த்தாள். "கல் எங்கே?" என்று கேட்டார்கள். கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வருவதற்குள் அரிசி தீர்ந்து கதவைச் சாத்திவிட்டார்கள்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒடெட்டுக்கு முதலில் பறந்தது பொறுமை. கைக்கு அகப்பை கிடைத்தது. குழந்தை முகத்தை மறைக்கக் கையைத் தூக்கியது. அடி கையில் விழுந்து எலும்பு முறிந்தது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லிவைத்தானே ஒருவன், அவன் சின்ன வயதில் அடி வாங்கியவனாக இருக்க மாட்டான்.

மருத்துவமனையில் வியட்நாமிய நர்ஸ் ஒருத்தி எலும்பை இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டு போட்டாள். "எப்படிம்மா அடிபட்டுது?" என்று தன் மொழியில் கேட்டாள்.

"மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்," என்றாள் ஐரேன், அதே மொழியில். அம்மா சொல்லிக்கொடுக்கவே இல்லை.

ஒடெட்டுக்கு மூச்சு வந்தது. உண்மை வெளியே தெரிந்தால் வேலை போகும். பிள்ளையைப் பிரித்து விடுதியில் போட்டுவிடுவார்கள். தப்பித்தோம் என்ற ஆறுதலில் மகளின் தலையைக் கோதக் கையை நீட்டினாள். ஐரேன் சட்டென்று குனிந்து, ஈரம் காயாத மாவுக்கட்டையே முகத்துக்குக் குறுக்கே தூக்கிப் பிடித்தாள்.

நர்ஸ் அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒடெட் இன்னொரு பொய் சொல்லியிருப்பாளோ என்னவோ. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். இந்தக் கைக்குப் பயந்துதானே என் பிள்ளை வளர்கிறது என்று அவளுக்கு உறைத்தது.

"எங்க வீட்டுல மாடியே இல்லீங்க," என்றாள். "நான்தான் அடிச்சேன். இன்னிக்கி மட்டும் இல்ல."

எலும்பை இழுத்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஐரேன் இப்போது ஓவென்று அழுதாள். நல்ல கையால் நர்ஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு என்மேலதான். அம்மாகிட்டேருந்து என்னைப் பிரிச்சிடாதீங்க. இனிமே நான் யாரையும் பாத்துப் பாவப்பட மாட்டேன்."