சன்னாசிக்கு லீவு

இருளாயியை எழுப்பியது அவளுடைய வலது தோள்தான். ரப்பர்ப் பால் வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுச் சுமந்தே தேய்ந்துபோன தோள். மழைக்காலம் வந்தால் சொத்தைப் பல் மாதிரி குடையும். இப்போது அதற்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருந்தது. படுக்கும்போது தன் கையையும் புருஷன் அப்பாவுவின் கையையும் பழைய சேலைக் கிழிசலால் சேர்த்துக் கட்டிவிடுவாள். அவன் எழுந்தால் கை இழுபடும், தோள் கத்தும், இவள் முழித்துக்கொள்வாள்.

இன்றைக்குக் கிழிசல் அவள் கையில் மட்டும் தொங்கியது. மறுமுனை எச்சிலில் நனைந்திருந்தது. கடித்தே அவிழ்த்திருக்கிறான்.

"பாவி மனுசா" என்று எழுந்தாள். வெளியே இருட்டில் தகரம் அடிக்கும் சத்தம் கேட்டது.

"பெரட்டு! பெரட்டுக்கு வா! எந்திரிங்கடா சோம்பேறி நாய்ங்களா!"

பெரட்டு என்றால் விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அந்தத் தோட்டத்தில் அது நின்று பல வருஷம் ஆகிவிட்டது. வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனது. வாங்கியவன் கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டான். லயம் என்கிற வரிசை வீடுகள் மட்டும் மிச்சம். இளவட்டங்கள் மோட்டாரில் ஈப்போவுக்கும் சிலிபினுக்கும் போய் ஃபேக்டரியில் வேலை பார்த்தார்கள். பெரட்டு இன்னும் நடந்துகொண்டிருந்தது அப்பாவுவின் மண்டைக்குள் மட்டும்தான். முப்பது வருஷம் மண்டோராக நின்று ஆள் விரட்டிய மண்டை அது. மற்றதெல்லாம் அதிலிருந்து ஒழுகிப் போய்விட்டது. பெண்டாட்டி பேர் போனது, வேட்டி கட்டத் தெரிவது போனது, கக்கூஸ் எந்தப் பக்கம் என்பது போனது. பெரட்டு மட்டும் போகவில்லை.

சும்மா கத்திக்கொண்டு திரிந்தால்கூடப் பரவாயில்லை. அது காய்ச்சல் காலம். எழுபத்தேழு கடைசியில் உலகமெல்லாம் சுற்றிய காய்ச்சல் என்று ரேடியோவில் சொன்னார்கள். மழையோடு மழையாக லயத்துக்குள்ளும் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு இருமல். இவள் துணி துவைக்கப் போய்க்கொண்டிருந்த குனோங் ராபாட் ஊர் வீட்டுக்காரி, காய்ச்சல் ஓயும்வரை இந்தப் பக்கம் வராதே என்று கேட்டைச் சாத்திவிட்டாள். அப்படிப்பட்ட நேரத்தில் அப்பாவு வீடு வீடாக நுழைந்து, படுத்திருப்பவர்களின் போர்வையை உருவினான். மண்டோராக இருந்தபோதும் அதைத்தான் செய்தான்.

இருளாயி மழையில் ஓடினாள். கோயில் கமிட்டித் தலைவர் ஜெயபாலன் தன் வீட்டு வாசலில் அப்பாவுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே அவன் மகள் வீறிட்டு அழுதாள்.

"பாரு அக்கா, நல்லா பாரு. எம்மவளுக்கு நேத்துலேருந்து ஒடம்பு கொதிக்குது. இந்தாளு உள்ள வந்து போர்வய உருவி, எந்திரி, பால் வெட்டப் போங்குறாரு. புள்ள பயந்து மூச்சு முட்டிப் போச்சு."

"தெரியாம செஞ்சிட்டாரு தம்பி."

"தெரியாமதான். ஆனா எல்லார் மூஞ்சியிலயும் மூச்ச விட்டுட்டு வாராரு. இந்த வீட்டுக் காய்ச்சல அந்த வீட்டுக்கு யாரு கொண்டுபோறா? போஸ்மேன் மாதிரி இவருதான்லா."

பக்கத்து வீட்டுப் பத்துமலை பனியனோடு எட்டிப் பார்த்தான். "மண்டோரு, மழையில எவன்யா பால் வெட்டுவான்? அதுகூட மறந்து போச்சா? தொரகிட்ட சொல்லிச் சம்பளத்த வெட்டிருவோம்!" என்றான். சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகி அவனைக் குனிய வைத்தது.

ஜெயபாலன் சட்டையை விட்டான். "அக்கா, கமிட்டில பேசியாச்சு. திங்கக்கெழம தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஆள் சொல்லி விடுறோம். வண்டி வந்து கூட்டிட்டுப் போகும்."

அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் பேரா மாநிலத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பைத்தியக்கார ஆஸ்பத்திரி.

"ஐயோ தம்பி, அங்க விட்டா செத்துருவாரு. எங்கையத் தவிர யாரு ஊட்டுனாலும் துப்பிருவாரு. பட்டினி கெடந்தே செத்துருவாரு."

"நான் என்னா செய்ய முடியும்? எல்லாருக்கும் புள்ளக்குட்டி இருக்கு." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு வேணும்னா செய்யி. கருப்பம்மாக்கா வாயால, இருக்கட்டும்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. அதுக்கு மேல இந்த லயத்துல எவனும் பேச மாட்டான்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். போயும் போயும் கருப்பம்மாள்.

காரணம் லயத்துக்கே தெரியும். கருப்பம்மாளின் புருஷன் சன்னாசி. இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு மழைக்காலம். அடைமழையில் பால்வெட்டு நின்று கிடந்தது. மழை விட்ட அன்று ஒரு நிரை மரமும் சும்மா கிடக்கக்கூடாது என்று துரை சொல்லிவிட்டார். சன்னாசிக்குக் காய்ச்சல். ஒரு நாள் லீவு கேட்டான். அப்பாவு போர்வையை உருவினான். "வேர்வையில காய்ச்சல் ஓடிரும், எந்திரி" என்றான். சன்னாசி எழுந்து போனான். பால் எடுக்கும் நேரத்தில் அவன் வாளி மட்டும் வந்து சேரவில்லை. நிரைக்குள் போய்ப் பார்த்தால், மரத்தைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கோப்பையில் பால் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. உடம்பு ஆறிப்போயிருந்தது.

இப்போது கருப்பம்மாளும் காய்ச்சலில்தான் கிடந்தாள். இருளாயி கஞ்சியை எடுத்துக்கொண்டு போனாள்.

"எதுக்கு வந்த?"

"கஞ்சி கொண்டாந்தேன்கா."

"அங்க வையி. சங்கதியச் சொல்லு."

சொன்னாள். சொல்லிவிட்டுக் குனிந்து கருப்பம்மாளின் காலைத் தொடப் போனாள். கருப்பம்மாள் காலை இழுத்துக்கொண்டாள்.

"நீ எதுக்குடி விழுற? நீயா வந்து எம்புருசன எழுப்புன? அவன் வாயத் தொறக்கட்டும். சன்னாசிக்கு லீவு. ரெண்டே வார்த்த. அத எங்காதால கேட்டுட்டா போதும். சாவுற வரைக்கும் ராசா மாதிரி இந்த லயத்துல கெடக்கட்டும், நான் சொல்றேன்."

"அவருக்கு ஒண்ணும் நெனவில்லக்கா."

"பெரட்டு மட்டும் நெனவிருக்கோ?"

இருளாயி வெளியே வந்தாள். திரும்பி நடந்தபோது மண்ணை மிதித்து மிதித்து நடந்தாள். கருப்பம்மாள்மேல் கோபம், அவள் கேட்டதில் தப்பில்லை என்பதால். ஆளை நாயாகப் பழக்கிவிட்டுக் கப்பலேறிப் போன துரைமேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேல் வீட்டில் உட்கார்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தவன்மேல் கோபம். செய்ததெல்லாம் செய்துவிட்டு மறந்தும் போய்விட்டான். ஞாபகம் வைத்துக்கொண்டு தவிக்க இவள்.

அவளுக்கு மட்டும் லீவு கொடுத்தானா? வயிற்றில் பிள்ளையோடு இடுப்பு விட்டுப்போகிறது என்று சொன்ன அன்று, "பொண்டாட்டிக்கு லீவு குடுத்தா நாலு பேரு கேப்பான்" என்றான். பிள்ளை நிரையிலேயே போய்விட்டது. அதற்கப்புறம் ஒன்றும் தங்கவில்லை.

பகலில் அவன் பூனை. அது அவளுக்குத் தெரியும். தட்டில் சோற்றையும் கருவாட்டையும் பிசைந்துகொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு கவளத்தை உருட்டி வாயருகில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"சன்னாசிக்கு லீவுன்னு சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். சோறு வரவில்லை. மூடினான்.

"சொன்னாத்தான் சோறு. சன்னாசிக்கு லீவு."

"சோறு."

"லீவு!"

"லீவு" என்றான். ஒரு கவளம் போனது. அடுத்த கவளத்துக்கு, "சன்னாசி லீவு." தட்டு காலியாவதற்குள் முழுசாகச் சொல்லிவிட்டான். "சன்னாசிக்கு லீவு." ராத்திரிச் சோற்றுக்கும் சொன்னான். தண்ணீருக்கும் சொன்னான். சொல்லிவிட்டு வாய் நிறையச் சிரித்தான்.

"சன்னாசி யாரு?" என்று கேட்டான்.

இருளாயி தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி அவனைக் கட்டவில்லை. எழும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விடிவதற்கு முன்னால் அவன் எழுந்து தகரத்தைத் தேடியதும் கையைப் பிடித்து நேராகக் கருப்பம்மாள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் காதில் ஓதினாள். சன்னாசிக்கு லீவு, சன்னாசிக்கு லீவு. மழை விட்டிருந்தது. சங்கதி தெரிந்து ஜெயபாலனும் பத்துமலையும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கருப்பம்மாள் வாசலில் நின்றார்கள்.

கருப்பம்மாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அப்பாவு அந்தப் போர்வையைப் பார்த்தான். கூன் விழுந்த முதுகு நிமிர்ந்தது. இருளாயியின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டான். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கருப்பம்மாள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். குரல் இருபது வருஷம் பின்னால் போயிருந்தது.

"மண்டோரய்யா, எங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குதுங்க. இன்னைக்கி ஒரு நாள் மட்டும் லீவு குடுங்கய்யா."

அப்பாவு வாயைத் திறந்தான். இருளாயியின் உதடும் கூடவே அசைந்தது.

"லீவா? மழ விட்டு மொத நாளு. எந்தக் கொம்பனுக்கும் லீவு கெடயாது. எந்திரிச்சு வரச் சொல்லு!"

கை போர்வைக்குப் போனது.

இருளாயி அறைந்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவை. அறைந்த கையின் தோள் கிழிந்துபோகிற மாதிரி வலித்தது. அதற்காகவே இன்னொன்று வைத்தாள்.

"குடுத்தா என்னய்யா கொறஞ்சு போச்சு? ஒன் அப்பன் ஊட்டு மரமா? வெள்ளக்காரன் மரம்யா! அவனும் போயிட்டான், மரமும் போயிருச்சு! எனக்குந்தான் குடுக்கல. எம்புள்ள மண்ணோட போச்சு. ஒரு வார்த்தய்யா! குடுத்துத் தொலையேன்!"

அப்பாவு கன்னத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டினான். "தொர ஏசுவாரு" என்றான். சின்னக் குரலில், திரும்பத் திரும்ப. "தொர ஏசுவாரு."

ஜெயபாலன்தான் முதலில் தொண்டையைச் செருமினான். "சரிக்கா. கேட்டாச்சு, முடிஞ்சிருச்சுலா. திங்கக்கெழம வண்டிக்கு..."

"யார்ரா அது முடிஞ்சிருச்சுன்னு சொல்றது?" கருப்பம்மாள் இருமினாள். இருமி முடித்துச் சளியைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தாள். "வண்டியும் வேணாம், கிண்டியும் வேணாம். இவன அங்க அனுப்பிட்டா நான் யார்கிட்டப் போயிக் கேப்பேன்?"

"அக்கா, அவருதான் இல்லன்னுட்டாரே."

"இன்னைக்கி இல்லன்னான். நாளைக்கும் கேப்பேன். ஏ இருளாயி, நாளைக்கும் கூட்டிட்டு வா. வேற எவன் வீட்டு வாசப்படியும் மிதிக்கக் கூடாது. நேரா இங்க கொண்டாந்து நிறுத்து. எனக்குத்தான் காய்ச்சல் வந்தாச்சே, இனிமே என்னா வரப்போவுது?"

"அவரு குடுக்கவே மாட்டாருக்கா" என்றாள் இருளாயி.

"அது எனக்கும் அவனுக்கும். ஒனக்கென்னா? நீ சோத்தப் போட்டு ஆள உசுரோட வையி."

அது பரிவு இல்லை. இருளாயிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை வண்டி வரவில்லை.

காய்ச்சல் லயத்தில் இரண்டு பேரைக் கொண்டுபோய்விட்டு ஓய்ந்தது. ஜெயபாலன் மகள் எழுந்து பள்ளிக்கூடம் போனாள். கருப்பம்மாளும் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகும் விடிவதற்கு முன்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு விளக்கை ஏற்றி உட்கார்ந்தாள். தோள் வலியோடு இருளாயி அப்பாவுவை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். கருப்பம்மாள் கும்பிட்டுக் கேட்பாள். அவன் நிமிர்ந்து நின்று இல்லை என்பான். "சரி, போ" என்று அவள் விளக்கை ஊதி அணைப்பாள். திரும்பி வரும் வழியில் இருளாயி அவனைத் திட்டிக்கொண்டே வருவாள். வீட்டுக்கு வந்ததும் பசியாற ஊட்டிவிடுவாள். சோற்றுக்கு முன்னால் மட்டும் அவன் தப்பில்லாமல் சொல்வான். ஆனால் அது கருப்பம்மாள் காதில் விழாத இடம்.

தைப்பூசம் போனது. சித்திரை போனது. சன்னாசிக்கு அப்பாவு கொடுக்க வேண்டிய ஒரு நாள் லீவு இன்னும் பாக்கி.