பதினேழு புகார்கள்

தலைமையாசிரியை நீட்டிய நோட்டில் பதினேழு புகார்கள் இருந்தன. தேதி, நேரம், குற்றம் என்று மூன்று கட்டம் போட்டு, சிவப்பு மையில் முத்து முத்தான கையெழுத்து. நான்காம் வகுப்புச் சிறுமிக்கு இத்தனை பெரிய சரித்திரம் எழுதிய பெருமிதத்தில் வகுப்பாசிரியை பக்கத்தில் நின்றிருந்தார்.

"புக்கைக் கிழிச்சிருக்கா. பெஞ்சைத் தள்ளியிருக்கா. பக்கத்துப் பொண்ணைக் கிள்ளியிருக்கா. இன்னிக்கே டி.சி. வாங்கிக்கங்கம்மா. உங்களுக்கும் நிம்மதி" என்றார் தலைமையாசிரியை.

"எனக்கு நிம்மதி இல்லைன்னு நான் எப்ப மேடம் சொன்னேன்?" என்றாள் சிறுமியின் அம்மா.

துணைக்கு வந்த நாத்தனார் உச்சுக் கொட்டினாள். "ரெண்டு போட்டா சரியாயிடும் அண்ணி." அவள் இதுவரை வளர்த்தது ஒரு பூனை. அதுவும் ஓடிவிட்டது.

அம்மா லிஃப்ட் மெக்கானிக். எத்தனை மணிக்கு, எந்த மாடியில் நின்றது என்று பார்க்காமல் ஒரு திருகாணியைத் தொடமாட்டாள். அந்தப் பழக்கத்தில் குற்றக் கட்டத்தை விட்டுவிட்டு, நேரக் கட்டத்தில் விரலை ஓட்டினாள். பதினொன்று பத்து. பதினொன்று ஐந்து. பதினொன்று பதினைந்து. பதினேழும் இதே லட்சணம்.

"டீச்சர், பதினோரு மணிக்கு என்ன கிளாஸ்?"

"வாசிப்பு. ஒவ்வொருத்தரா எழுந்து சத்தமா வாசிக்கணும்."

"இவ முறை வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் பண்றாளா, வந்தப்புறமா?"

மூன்று மாதமாக எழுதிக் குவித்தவர் முதல்முறையாக யோசித்தார். "முன்னாடிதான். உடனே வெளியில அனுப்பிடுவேன். அப்புறம் எங்க வாசிக்கறது?"

"எழுத்தெல்லாம் இடம் மாறித் தெரியுது, ஒரே இடத்துல உக்கார வராதுன்னு சேக்கும்போதே எழுதிக் குடுத்தேனே! தப்பா வாசிச்சு நாப்பது பேர் சிரிக்கறதுக்கு, வெளியில நிக்கறது மேல்னு இவ கண்டுபிடிச்சுட்டா. நீங்களும் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து விடறீங்க."

"எனக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம்!" என்று தலைமையாசிரியை நிமிர்ந்தார். அந்த இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் நேரக் கட்டத்தைப் படித்ததில்லை.

"ரெண்டு வாரம் குடுங்க மேடம். எல்லார் முன்னாடியும் வாசிக்கச் சொல்ல வேணாம். பாடத்தை முந்தின நாளே சொன்னா வீட்ல பழகிட்டு வருவா. கால் துறுதுறுன்னா நோட்டு அடுக்கச் சொல்லுங்க. அப்பவும் பெஞ்சு விழுந்தா டி.சி.யை நானே கேட்டு வாங்கிக்கறேன்."

தலைமையாசிரியை வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

இரண்டு வாரத்தில் நோட்டில் ஒரே ஒரு வரி ஏறியது. வகுப்பாசிரியை மறந்துபோய் அவளை எழுந்து வாசிக்கச் சொன்ன நாள் அது.

தலைமையாசிரியை டி.சி. தாளைக் கிழித்துப் போட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தீங்களாம்மா? கண்டிப்பா இருந்தா தானா வழிக்கு வருவாங்க."

"ரொம்ப சரி மேடம்" என்றாள் அம்மா. "டீச்சர்கிட்ட இதே கண்டிப்போட இருங்க."