முக்கால் செக்கன்

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த அழகமுத்து, வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புதுக்குழாயின் மூடியைக் குறட்டால் திறந்து மூடிப் பார்த்தான். இன்னும் சூடு ஆறவில்லை. எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாய் சைலன்சரைத் தொடுமுன்னே ஒரு கிளை பிரித்து, அதன் வாயில் மூடி வைத்திருந்தான். மூடியைத் திறந்தால் புகை சைலன்சருக்குள் போகாமல் நேராக வெளியே வந்துவிடும். காரின் சொந்தக்காரர் அதைக் கட்டவுட் என்றார்.

அவர் பெயர் ரொஷான். கண்டிக்காரர். அடுத்த மாதம் மலைப்பாதையில் நடக்கும் கார்ப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். காரில் சூப்பர்சார்ஜர் இருந்தது. பெல்ட்டில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பம்பு அது.

"இதப் போட்டா இருவது குதிரை சக்தி கூடும்," என்றார் அவர் சிங்களத்தில்.

கராஜ் முதலாளி பலீல் நானா, அவர் அப்பால் போனதும் தமிழில் சொல்லிச் சிரித்தார். "சத்தந்தான் கூடும். தம்புள்ளைக்குப் போற லொறியள்ல பாதி சைலன்சர் ஓட்டையாத்தான் ஈக்குது. ஒண்ணாச்சும் மலையில பறந்திச்சா?"

அழகமுத்து காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "லொறி தானா மூச்சு விடுது நானா. இதுக்கு நாம காத்த அமுக்கி ஊட்டுறோம். உள்ள போறது கூடுனா வெளிய வர்றதும் கூடத்தானே? அளந்து பாத்தா தெரிஞ்சிரும்ல."

"நீ ஒட்டிக் குடுத்தாச்சு. இனி என்னத்துக்கு?"

"தெரிஞ்சிக்கத்தான்."

மறுநாள் காலை பத்து மணிக்கு மூவரும் யட்டவத்தைப் பக்கம் போகும் பாதையில் நின்றார்கள். ஒரு மதகிலிருந்து ஏற்றம் தொடங்கி, கிலோமீற்றர் கல் வரைக்கும் வளைவில்லாமல் போனது. மதகில் பலீல் கைலேஞ்சித் துணியை வீசுவார், கார் கிளம்பும். கல்லடியில் அழகமுத்து ஸ்டாப்வாட்சுடன் நிற்பான். மூன்று தடவை மூடி, மூன்று தடவை திறந்து ஓட்டலாம் என்றார் ரொஷான்.

"அப்பிடி வேணாங்க சார். எஞ்சின் சூடாக ஆக இழுவ கொறஞ்சிரும். ஒருக்கா மூடி, ஒருக்கா தொறந்து, மாத்தி மாத்தி ஓடுங்க."

ரொஷான் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

மூடி ஓடியபோது 21.4 செக்கன். திறந்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் அதிர்ந்தது. மிளகுக் கொடி படர்ந்த மரங்களிலிருந்து காகங்கள் எழும்பின. 20.7. அழகமுத்து கொப்பியில் 'மூ' என்றும் 'தி' என்றும் எழுதி, பக்கத்தில் நேரத்தைக் குறித்தான். பிறகு 21.5. பிறகு 20.8.

"ரெண்டு செக்கன் வித்தியாசம் ஈக்கும் போல," என்று பலீல் மதகிலிருந்து ஏறி வந்தார்.

"காது ஏமாத்துது நானா. முக்கால் செக்கன்கூட இல்ல. ஆனா இருக்கு."

ரொஷான் இறங்கி வந்தார். அவர் முகத்தில் குழப்பம். "மூடியத் தொறந்தா காத்தழுத்த முள்ளு கொறையுது. அழுத்தம் கொறஞ்சா சக்தியும் கொறையணுமே?"

அழகமுத்து கல்லில் உட்கார்ந்து யோசித்தான். அந்த முள்தான் அவனுக்கும் புதிராயிருந்தது. சட்டென்று எழுந்தான்.

"பஸ்ஸு மாதிரிங்க சார். முன் கதவால சனத்தத் தள்ளி ஏத்துறோம், பின் கதவு பாதி மூடியிருக்கு. உள்ள நெருக்கம் கூடத்தான். பின் கதவத் தொறந்துவிட்டா நெருக்கம் கொறையும், ஆனா ஏறி எறங்குற சனம் கூட. முள்ளு காட்டுறது நெருக்கத்த, சனத்தோட கணக்க இல்ல."

ரொஷான் வாய்விட்டுச் சிரித்தார். ஐந்தாவது தடவை மூடி ஓடினார், 21.5. ஆறாவது ஓட்டத்துக்குக் காரைத் திருப்பும்போது இராணுவ ஜீப் வந்து நின்றது.

சத்தம் கேட்டு வந்திருந்தார்கள். அடையாள அட்டைகளை வாங்கினார்கள். ரொஷானுடையதும் பலீலுடையதும் உடனே திரும்பி வந்தன. அழகமுத்துவுடையதில் வவுனியா என்றிருந்தது, சண்டை நடக்கும் வடக்குப் பக்கம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு ஓடிய அவன் குடும்பம் அங்கேதான் குடியேறியது. அட்டையும் அங்கேதான் எடுத்தது. திரும்பி வந்து பதினெட்டு வருஷமாகிறது. கொப்பியைப் புரட்டிய சிப்பாய் மதகைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், ஸ்டாப்வாட்சைப் பார்த்தான்.

"மஹத்தயா, சொல்லுங்க சார்," என்றான் அழகமுத்து ரொஷானிடம்.

"கராஜ்ல வேலை செய்றவன். எனக்கு நேத்துத்தான் தெரியும்," என்றார் ரொஷான். அவருடைய கார், கட்டவுட்டை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் மெதுவாகக் கிளம்பிப் போனது. பலீல் மட்டும் அழகமுத்துவை ஏற்றிய ஜீப்பின் பின்னாலேயே முச்சக்கரவண்டியில் பொலிசுக்குப் போனார். அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

"மூ யாரு? தி யாரு?" என்று பொலிஸ் அதிகாரி கேட்டார்.

"ஆளு இல்ல சார். மூடினது, தொறந்தது."

"மதகுல இருந்து எதுக்கு நேரம் எடுத்த? ஆமி வண்டிக்குக் குண்டு வைக்கவா?"

அழகமுத்து முதலிலிருந்து சொன்னான். சூப்பர்சார்ஜர், குழாய், பஸ், நெருக்கம். சொல்லச் சொல்லப் பயம் விட்டுப்போய், மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினான். அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப உண்மையிலேயே கூடுதா?"

"கூடுது சார். எஞ்சின் வேகமா சுத்துறப்பதான் கூடும்னு நெனக்கிறேன். மெதுவா போறப்ப வெறும் சத்தந்தான். இன்னும் ஒருக்கா ஓடியிருந்தா நல்லது."

"சரி. ஒட்டுறது ஒன்னோட வேல. கூடுதா கொறையுதான்னு தெரிஞ்சி ஒனக்கு என்ன ஆகணும்?"

"ஒண்ணும் ஆகவேண்டாம் சார். தெரியணும்னு இருந்துச்சு."

அதிகாரி மறுபடியும் பேனாவை எடுத்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ எழுதித் தாளைத் தள்ளினார். அழகமுத்துவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ஒப்பம் வைத்தான்.

பதினேழு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். விடும்போது ஞாயிறுதோறும் வந்து ஒப்பமிடச் சொன்னார்கள்.

நாலாவது ஞாயிறு, பொலிசுக்கு முன்னாலிருந்த சோதனைத் தடையில் அவன் வரிசையில் நின்றான். கீழேயிருந்து காரின் முழக்கம் கேட்டது. மூடி திறந்திருக்கிறது, எஞ்சின் இன்னும் வேகம் பிடிக்கவில்லை என்று காதாலேயே தெரிந்தது. கதவில் போட்டி எண் ஒட்டியிருந்தது. கான்ஸ்டபிள் தூரத்திலேயே கண்டு தடைக்கம்பை உயர்த்தினான். ரொஷான் கையை அசைத்துக்கொண்டு போனார். சிரித்தபடியே கம்பை இறக்கிய கான்ஸ்டபிள் வரிசைப் பக்கம் திரும்பினான்.

"நீ. பையக் காட்டு."

அழகமுத்து காற்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டு, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றான்.