செங்கம் சாலை வீட்டின் நிலை

செங்கம் சாலையில் முருகையன் கட்டிய வீட்டுக்கு வாசல் கூடத்துச் சுவருக்குள் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் எப்போதும் மழை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் உட்பட எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஊரிலுள்ள ஆசிரமத்துக்கு வந்த ஓர் அயர்லாந்து அம்மாள் காட்டிய போட்டோவில் மயங்கித்தான் முருகையன் அதைக் கட்டினார். கார்க் நகரத்தில் விக்டோரியா ராணி காலத்தில் எழும்பிய வீடு: செங்கல் முகப்பு, தெருவைப் பார்த்துப் புடைத்த ஜன்னல், செங்குத்தான கூரை, புகைபோக்கி. நம் வெயிலுக்குப் புகைபோக்கி எதற்கு என்று கேட்டால் அவர் காதில் ஏறியிருக்காது. அங்கே இடித்த வீடு ஒன்றிலிருந்து கப்பலில் முதலில் வந்தது, குளிர்காயும் அடுப்பைச் சுற்றிப் பதிக்கும் கற்சட்டம். இரண்டு கால், மேலே ஓர் உத்தரம், பூ வேலைப்பாடு. மேஸ்திரி வல்லரசு அதை வாசல்நிலை என்றே நினைத்தார். முருகையன் மனைவி ஆதிலட்சுமி மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு, நிலை வைக்கும் பூஜையை அதற்கே செய்துவிட்டாள். தப்பு தெரிந்ததும் சட்டத்தைப் பெயர்த்துக் கூடத்து அடுப்பில் பதித்தார்கள். தெருக்கதவை நாள் பார்க்காமல் மாட்டினார்கள். எதற்குப் பூஜை நடந்தது என்பதை வீடு மறக்கவில்லை.

முதலில் நிலக்கரிப் புகை நாற்றம். பிறகு சித்திரை மத்தியானத்தில் ஈரக்காற்று. அப்புறம் கரி படிந்த பூட்ஸ் தடம், அடுப்பிலிருந்து மாடியில் மகள் கீர்த்தனாவின் அறைக்கதவு வரை. ஆதிலட்சுமி தெருக்கதவுக்குப் பூஜை செய்து மாவிலை கட்டினாள். மறுநாள் தோரணம் அடுப்பில் தொங்கியது. சட்டத்தைப் பெயர்க்கப் போன வல்லரசின் கை உள்ளே போய் நனைந்து வந்தது. அந்தக் கைக்கு இன்னும் சூடு திரும்பவில்லை. டீக்கடையில் பாய்லரை ஒட்டியே உட்காருகிறார்.

கீர்த்தனாவுக்குக் கீழ்பென்னாத்தூர் விமல்ராஜோடு நிச்சயமாகியிருந்தது. பிறந்த வீட்டை விட்டுப் போகும் பெண் நிலையைத் தாண்டித்தானே போக வேண்டும்? அதை நினைத்து ஆதிலட்சுமி புருஷனிடம் போனாள்.

"இவள இப்பவே எங்கண்ணன் வீட்டுக்கு அனுப்பிடலாங்க."

"இம்மாம் பெரிய வீட்ட கட்டிட்டு, பொண்ண எவன் வீட்லயிருந்தோ அனுப்பறதா? ஜாஸ்தி யோசிக்காத" என்றார் முருகையன்.

கல்யாணத்தன்று தெருக்கதவு திறக்கவில்லை. பெண்ணை அழைக்க வந்த வேன் வெளியே ஹாரன் அடித்தது. உள்ளே அடுப்பு ஆளுயரமாகியிருந்தது. "வாசல் தொறந்துதாம்மா கெடக்கு" என்று சொல்லி, அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, பட்டுப்புடவையோடு வலது காலை எடுத்து வைத்து, கீர்த்தனா மழைக்குள் இறங்கிப் போனாள். விமல்ராஜுக்கு அடுத்த முகூர்த்தத்தில் வேறு பெண் கிடைத்தது.

மறு வருஷம், ஏழு மாத வயிற்றோடு, தலைப்பிரசவத்துக்குக் கீர்த்தனா வந்தாள். தலை நனைந்திருந்தது, நெற்றியில் கரி. ஆதிலட்சுமி ஆரத்தி சுற்றினாள்.

"அவரு வரலியா?"

"பின்னாடி வராரும்மா."

அடுப்புக்குள் பூட்ஸ் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கால் கழுவ, ஆதிலட்சுமி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் அடுப்பு ஓரம் வைத்தாள்.