சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை

சைனம்புவை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வர வேண்டும். பால்காரர் ஊற்றிய பாலை விரலால் தொட்டுப் பார்க்காமல் பாத்திரத்தை உள்ளே எடுக்க மாட்டாள். பிரியாணிக் கடைக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பது அவள் தொழில். கடையிலிருந்து வரும் மூட்டையைத் தன் வீட்டுத் தராசில் இன்னொரு தரம் நிறுத்துப் பார்த்த பிறகுதான் கத்தியையே தொடுவாள். கடைக்காரர் முதலில் கோபித்துப் பார்த்தார், அப்புறம் பழகிவிட்டார். வேறு வழி?

அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீனத் வந்தாள். "சும்மாதான்க்கா, பிள்ளைக்கு உதவி பண்ண வந்தேன்" என்றாள். சும்மாவா? திண்டுக்கல் பேகம்பூரில் யார் யாருக்குச் சும்மா செய்கிறார்கள்? சைனம்புவுக்கு அந்த ஒரு சொல்லிலேயே மூக்கில் வியர்த்துவிட்டது.

விஷயம் இதுதான். மகள் இஃப்பத் பன்னிரண்டாம் வகுப்பு. டெல்லிப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாமே இலவசம். ஆனால் மார்க் மட்டும் போதாதாம். தன்னைப் பற்றி இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும், அதைப் படித்துப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கட்டுரைக்கு வழிகாட்ட ஒரு தன்னார்வ அமைப்பு ஆள் அனுப்புகிறது என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லிவிட்டார். அப்படி வந்தவள்தான் ஜீனத். திண்டுக்கல்காரிதான். பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள்.

வந்தவள் பாடம் நடத்தினாளா என்றால், அதுதான் இல்லை. பேனாவைக்கூடத் தொடவில்லை. பிள்ளைக்கு ஒரு வரிகூட எழுதித் தரக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும், பதிலை அவளே எழுத வேண்டும் என்பது அவர்கள் முறையாம். கேட்ட கேள்விகளைச் சொன்னால் நமக்கே சந்தேகம் வரும். வீட்டில் யார் பேச்சு எடுபடும்? கடைசியாக எதற்குச் சண்டை வந்தது? அத்தா வேலை முடிந்து வந்ததும் முதலில் என்ன செய்வார்? அம்மா ஒன்றைக் கூடாது என்றால் நீ என்ன பண்ணுவாய்? வீட்டு வேலையில் உனக்குப் பிடிக்காதது எது?

சைனம்பு அடுப்படியில் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தாள். கண் கத்தியில், காது முழுக்கக் கூடத்தில். இது கட்டுரையா, பெண் விசாரிப்பா?

அடுத்தடுத்து எல்லாம் அதற்குத் தோதாகவே நடந்தது. முதல் நாள் ஜீனத் வழி கேட்டது எதிர் வீட்டு நர்கீஸிடம். கேட்டவள் உடனே வந்தாளா? நெடுநேரம் அந்த வாசலில் நின்று பேசிவிட்டு வந்தாள். சம்பந்தம் பேச நினைக்கிறவர்கள் முதலில் போவது எதிர் வீட்டுக்குத்தான், இது ஊருக்கே தெரிந்த சங்கதி. போதாக்குறைக்கு நர்கீஸுக்கும் சைனம்புவுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஒருத்தி வாசல் கூட்ட வந்தால் மற்றவள் உள்ளேயே நின்று, அவள் முடிக்கிற மட்டும் காத்திருப்பாள். என்ன சண்டை என்று கேட்டவர்களுக்கு இரண்டு பேருமே வாய் திறந்ததில்லை.

அப்புறம் டீ. போட்டு வைத்த டீயை ஜீனத் தொடவில்லை. உதவி செய்யப் போகிற பிள்ளைகளின் வீட்டில் தாங்கள் எதுவும் சாப்பிடக் கூடாது, அது அமைப்பின் கட்டுப்பாடு என்று சிரித்தாள். கட்டுப்பாடாம்! பெண் பார்க்கப் போகிற இடத்தில் காரியம் கைகூடுகிற வரைக்கும் கை நனைக்க மாட்டார்கள் என்பது சைனம்புவுக்குத் தெரியாதா? இதெல்லாம் போக, ஜீனத்தை வண்டியில் கொண்டுவந்து விடுகிறவன் அவள் தம்பி அயாஸ். கோயம்புத்தூரில் வேலை, வாரக் கடைசியில் ஊருக்கு வருவான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இத்தனையையும் சைனம்பு அரை நாளில் விசாரித்துவிட்டாள்.

வேறொருத்தியாக இருந்தால் நல்ல இடம் தானாக வீடு தேடி வருகிறதே என்று பூரித்திருப்பாள். சைனம்புவுக்குப் பழைய ஞாபகம்தான் வந்தது. அவள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது இப்படித்தான் ஒரு பெண்மணி சும்மா வந்து போனாள். கேஸ் அடுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லி, மாவு டப்பா வரைக்கும் திறந்து பார்த்துவிட்டுப் போனாள். பிற்பாடு அவள்தான் சைனம்புவுக்கு மாமியார். கிதர் முகம்மது நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்ல முடியாது. தோல் பதனிடும் ஷாப்பில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தாலும் ஒரு சுடுசொல் சொல்ல மாட்டார். ஆனால் அன்றைக்கு மூடிய புத்தகத்தை அவள் மறுபடி திறக்கவேயில்லை. மகளுக்கு அந்த கதி வரக் கூடாது. இஃப்பத் அந்தக் காலேஜுக்குப் போயே ஆக வேண்டும். அவ்வளவு தூரமா என்று தயங்கிய கணவரை விடாமல் நச்சரித்துத் தலையாட்ட வைத்தவளே சைனம்புதான்.

அதனால் ஜீனத்தை விரட்டவும் முடியவில்லை, கட்டுரை முடிய வேண்டுமே. இஃப்பத் எழுதினாள், அடித்தாள், திரும்ப எழுதினாள். என்னடி எழுதியிருக்க என்று கேட்டால், உங்களைப் பத்தித்தான் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். ஒருவழியாகக் கட்டுரை போய்ச் சேர்ந்தது. அடுத்தது நேர்முகத் தேர்வுதான், போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள் என்றார்கள். சைனம்பு மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். கட்டுரை முடிந்துவிட்டது, இனி அவர்கள் தங்கள் காரியத்துக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டாள்.

வந்தது. ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் போன்.

"இஃப்பத்தோட அம்மாங்களா? நான் தமிழ்மதி பேசறனுங்க, யுனிவர்சிட்டி அட்மிஷன்ல இருந்து. ஜீனத் மேடம்தான் நம்பர் குடுத்தாங்க."

டெல்லிப் பக்கத்து யுனிவர்சிட்டி என்கிறாள், பேச்சு அப்படியே பக்கத்து ஒட்டன்சத்திரத்துக் கொங்குப் பேச்சாக இருக்கிறதே! ஆளை வைத்துப் பேசுகிறார்கள் என்று சைனம்பு முடிவு கட்டிவிட்டாள். கேஸ் அடுப்பு பார்க்க வந்த காலம் போய், இப்போது யுனிவர்சிட்டி. அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். பெண்ணைத் தூரமாக அனுப்பச் சம்மதமா, அவள் அத்தா என்ன சொல்கிறார், வீட்டில் எத்தனை பேர். எல்லாவற்றுக்கும் சைனம்பு பிடி கொடுக்காமல் உம் கொட்டினாள். கடைசியில் அவள், எல்லாப் பெண் பிள்ளைகள் வீட்டிலும் கேட்பதுதான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கல்யாணப் பேச்சு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாளே பார்க்கலாம்!

மாட்டினாயா என்று நினைத்துக்கொண்டாள் சைனம்பு. இதற்கு ஒரு பதில் எப்போதும் அவள் கைவசம் உண்டு. பெண்ணைக் கொடுக்க மனமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் பகை வரும். இப்படிச் சொன்னால் யாருக்கும் மனம் நோகாது, வந்தவர்கள் மரியாதையோடு ஒதுங்கிவிடுவார்கள். முன்பும் ஒரு தரம் சொல்லித் தப்பித்திருக்கிறாள்.

"சொந்தத்துல பேசி முடிச்சாச்சும்மா. பரீட்சை முடிஞ்சதும் நிக்காஹ்."

தமிழ்மதி நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சைனம்பு நிம்மதியாக உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அன்றைக்கு அவளுக்குக் கண்கூட எரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் குட்டு உடைந்தது. கல்யாணம் நிச்சயமான பிள்ளை என்று யுனிவர்சிட்டி இஃப்பத்தின் பெயரை நிறுத்தி வைத்துவிட்டது. பேசியது நிஜமாகவே யுனிவர்சிட்டிக்காரிதான். பள்ளிக்கூடத்திலிருந்து அழுத முகத்தோடு வந்த இஃப்பத், பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"யாரும்மா அந்த மாப்பிள்ளை?"

அப்படி யாரும் இல்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றாள் சைனம்பு. மகள் நம்பவில்லை. பொய் சொல்லிப் படிப்பைக் கெடுக்கிற அம்மா எங்கேயாவது உண்டா என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. வேலை முடிந்து வந்த கிதர் முகம்மது விஷயத்தைக் கேட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, எனக்குத் தெரியாம உங்க அண்ணன் மகனுக்கா வாக்குக் குடுத்த என்று மெதுவாகக் கேட்டார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளை இப்போது சொந்த வீடே சந்தேகப்பட்டது. இல்லாத மாப்பிள்ளையை இல்லை என்று எப்படித்தான் நிரூபிப்பது? இருக்கிற ஒருத்தனையாவது கூட்டி வந்து நிறுத்தலாம்.

ஜீனத் வந்தாள். இந்த முறை உட்காரவுமில்லை. போன வருஷம் வடமதுரைப் பக்கம் ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி உதவி பண்ண மாதக்கணக்கில் கூட இருந்தாளாம். சீட் கிடைத்தது. கிடைத்த வாரத்தில் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார்களாம். அந்த இடம் வேறு யாருக்கும் பயன்படாமல் வீணாகப் போயிற்று.

"நீங்க மறைச்சீங்களோ, இப்ப மறைக்கிறீங்களோ, எனக்குத் தெரியலக்கா," என்றாள். "தமிழ்மதி மேடத்துக்கிட்ட கெஞ்சி வச்சிருக்கேன். இன்னொரு தடவை பேசுறேன்னாங்க. நீங்களே சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தாள். சைனம்பு நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஜீனத் தன் தம்பிக்காகப் பெண் விசாரிக்கிறாள் என்று நினைத்ததை, டீ குடிக்காததை, ஒட்டன்சத்திரத்துப் பேச்சை, எல்லாவற்றையும். ஜீனத்துக்கு முகம் சிவந்துவிட்டது. பாவம், அவள் கேட்ட கேள்விகளுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

தமிழ்மதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "உங்க பொண்ணு கட்டுரையில உங்களப் பத்தித்தானுங்க எழுதியிருக்குது. ரெண்டு தடவை நிறுத்துப் பார்க்காம எங்கம்மா எதையும் நம்ப மாட்டாங்க, அவங்ககிட்டதான் நான் யோசிக்கவே கத்துக்கிட்டேன்னு. இப்ப நீங்களே சொல்லுங்க, அன்னிக்கு நிச்சயம் ஆயிருச்சுன்னீங்க, இன்னிக்கு இல்லேங்கறீங்க. நான் எப்படிங்க நம்பறது?"

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சைனம்புவுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமான கேள்வி என்று அவளுக்குப் பட்டது. அந்த இடத்தில் தான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பாள்.

"நம்பாதீங்கம்மா," என்றாள். "நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். எங்க ஆளுகள்ல யாரையும் கேக்காதீங்க, எனக்காகப் பேசுவாக. எதுத்த வீட்டு நர்கீஸக் கேளுங்க. மூணு வருஷமா எனக்கும் அவளுக்கும் ஆகாது. எனக்கு வேண்டி ஒரு வார்த்தை பொய் சொல்ல மாட்டா."

சொன்ன பிறகுதான் தன் தலையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தது அவளுக்கு உறைத்தது. நர்கீஸ் ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. வஞ்சம் தீர்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? சொன்னதைத் திரும்ப வாங்கவும் முடியாது. ஜீனத் போனை வாங்கிக்கொண்டு எதிர் வீட்டு வாசலுக்குப் போனாள். சைனம்பு தன் வாசற்படியோடு நின்றுவிட்டாள். அங்கே பேசினால் இங்கே கேட்கிற சந்துதான் அது.

நர்கீஸ் போனைப் பார்த்தாள், எதிர் வாசலைப் பார்த்தாள். ஜீனத் விவரம் சொன்னாள். சைனம்பு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிச்சயமா? இவ வீட்டுலயா?" என்றாள் நர்கீஸ், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி. "மேடம், மூணு வருஷத்துக்கு முன்னால எங்க அக்கா மகனுக்கு இந்தப் புள்ளையப் பேசி வப்போமான்னு நானே கேட்டேன். ஒண்ணா உக்காந்து சாப்ட்டவ, உரிமையில கேட்டேன். அன்னிக்கும் இதேதான் சொன்னா, சொந்தத்துல பேசி முடிச்சாச்சுன்னு. அந்த மாப்பிள்ளைய நானும் அன்னையிலருந்து தேடுறேன். அவன் இன்னும் பொறக்கவே இல்ல."

போனுக்குள் தமிழ்மதி சிரித்தது இந்த வாசலுக்குக் கேட்டது. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று அவள் கேட்டாள்.

"புள்ள படிக்கணும்னு. வேற என்னத்துக்கு?" நர்கீஸின் குரல் இறங்கிவிட்டது. "அதையே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் மறுபடி கேட்டிருப்பேனா? எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்கு. எங்கிட்டயே பொய் சொன்னா பாருங்க, அதுதான் மேடம் ஆறல."

நேர்முகத் தேர்வுக்கு மறுபடி தேதி கொடுத்தார்கள். இஃப்பத் ஓடி வந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சைனம்பு அவளை அணைத்துக்கொண்டாளே தவிர, கண் எதிர் வாசலை விட்டு நகரவில்லை. மூன்று வருஷம். பால், வெங்காயம், தராசு என்று எல்லாவற்றையும் சோதித்தவள், கூட இருந்தவளின் மனசை மட்டும் ஒரு தரம்கூட நிறுத்துப் பார்க்கவில்லை. அது அவளைச் சுருக்கென்று குத்தியது.

நர்கீஸ் போனை ஜீனத்திடம் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

"நர்கீஸு," என்றாள் சைனம்பு. கூப்பிட்டே பழக்கம் விட்டுப்போன பேர், நாக்கில் தடுக்கியது. "டீ போடுறேன். வந்துட்டுப் போ."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவா?" என்று நர்கீஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். நன்றாகப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.