வாடகைப் புருஷன்

புருஷனோடு வரும் கர்ப்பிணிகளை முதலில் பார்ப்போம் என்று மசாகா ஊரின் அந்தச் சுகாதார நிலையத்தில் சட்டம் போட்டாலும் போட்டார்கள், வாடகை பைக் ஓட்டும் கசூலேவுக்கு யோகம் அடித்தது. புருஷன் வர மறுத்த பெண்களெல்லாம் வாசலில் நிற்கும் பைக்காரர்களைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்கள். கசூலேவுக்குக் களையான முகம். சவாரிக் காசோடு ஒரு சுட்ட சோளமும் கொடுத்தால் போதும், கவலையே உருவான தகப்பனாக பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான்.

அவன் மனைவி நசோலோவுக்கும் ஐந்து மாதம். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். அவள் கூப்பிட்டால் மட்டும் ஐயாவுக்கு நேரமிருக்காது. தனியாகப் போனவள், மதியம்வரை காத்திருந்து தலைசுற்றித் திரும்பிவிட்டாள்.

அன்று தக்காளி விற்கும் பிராப்வா அவனைக் கூட்டிப் போனாள். நர்ஸ் அகெல்லோ இருவர் விரலிலும் ஊசி குத்தினாள்.

"எனக்கு எதுக்கு சிஸ்டர்? புள்ள இவ வயித்துலதானே இருக்கு?"

"இனிமே ரெண்டு பேருக்கும்தான். கைய நீட்டு."

பிராப்வாவுக்கு ஒன்றுமில்லை. "உனக்குத்தான்யா சிபிலிஸ், மேகநோய்" என்றாள் அகெல்லோ.

பிராப்வா துள்ளி எழுந்தாள். "ஐயையோ! இவன் என் புருஷனே இல்ல சிஸ்டர்! சத்தியமா வாசல்ல புடிச்ச ஆளு!"

அவளை வெளியே அனுப்பிவிட்டு அகெல்லோ சிரித்தாள். "போன வாரம் வேற ஒருத்தியோட வந்தே. உன் சொந்தப் பொண்டாட்டி எங்கய்யா?"

"மாசமா இருக்கா. முன்னாடி ரெண்டு… தங்கல."

அகெல்லோவின் சிரிப்பு நின்றது. "ராஜாக்கள் கடல்தாண்டிக் கப்பல் அனுப்பின காலத்துலேர்ந்து உலகம் பூரா சுத்துற நோய் இது. மருந்தும் நம்ம தாத்தா காலத்து மருந்துதான். அப்படியும் இன்னிக்கு வரைக்கும் எத்தன தேசத்துல புள்ளைங்கள வாரிக்கிட்டுப் போகுது தெரியுமா? அந்த ரெண்டும் இதனாலயே போயிருக்கலாம். இதையாவது காப்பாத்தலாம், நாளைக்கே கூட்டிட்டு வா."

இடுப்பில் ஊசி வாங்கியவனால் உட்கார முடியவில்லை. வழி நெடுக நின்றபடியே பைக் ஓட்டினான். வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்த நசோலோவிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

அவள் தோலை வாரி அவன்மேல் எறிந்தாள். "அன்னிக்கு நான் வரிசையில வாடினப்போ, என்னத் தாண்டிப் போச்சுங்களே ஜோடிங்க, அந்த மாதிரிதானே நீயும் எவளோடயோ போயிருப்பே?" என்று கேட்டுவிட்டு அழுதாள். கசூலேவுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

மறுநாள் பெஞ்சு முழுக்க ஒரே கேலி. "ஏண்டி, இவனுக்கு வாடகை எவ்வளவு?"

நசோலோ அவன் சட்டையை விடவேயில்லை. "இது ஓசி. என்னோடது."

அவளுக்கும் நோய் இருந்தது. ஊசி போட்டார்கள். அகெல்லோ சொன்ன தவணைகளுக்கெல்லாம் இருவரும் தவறாமல் வந்தார்கள்.

மழைக்காலத்தில், வாசல்வரை கேட்கும் குரலோடு ஒரு பெண்குழந்தை பிறந்தது. துணியில் சுற்றி எடுத்துவந்த அகெல்லோ, பெஞ்சிலிருந்த பைக்காரர்களை ஒரு பார்வை பார்த்தாள். "இதுல எவன்யா நிஜ அப்பன்?"

கசூலே எழுந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

"நான்தான் சிஸ்டர். இந்தத் தடவ சத்தியமா நான்தான்."