ஆல்பத்தைக் கொளுத்திப் பார்த்தவர்

இந்தோனேஷியாவின் செமாராங் துறைமுகத்தில் முப்பது வருஷம் சுங்கச் சோதனை பார்த்து ஓய்வு பெற்றவர் விட்யோ. பெட்டியைத் திறக்காமல் எதையும் நம்பக் கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. டச்சுக்காரர் காலத்து வெள்ளி நாணயங்கள் நூற்றுக்கு மேல் அவரிடம் இருந்தன. எல்லாவற்றையும் தனித்தனியே காகிதத்தில் மடித்து பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். கடல் காற்றில் காகிதம் நமுத்துப்போக ஆரம்பித்ததும் ஆல்பம் வாங்கியே தீர வேண்டும் என்றாகிவிட்டது.

ஆபத்தே ஆல்பத்தில்தான். சில ஆல்பங்களின் தாள் பி.வி.சி. பிளாஸ்டிக்கில் செய்தது. வெக்கையில் அது மெல்லக் கசிந்து வெள்ளியின் மேல் பச்சைப் பிசினாகப் படியும். பிறகு நாணயத்தில் இருக்கும் ராணியின் மூக்கும் இருக்காது, கிரீடமும் இருக்காது. விற்கிறவன் எவனும் இதை ஒப்புக்கொள்ள மாட்டான் என்று விட்யோ முடிவே கட்டியிருந்தார்.

ஊரின் பழைய பகுதியான கோட்டா லாமாவில், ஒரு கிடங்கின் வராந்தாவில் ஞாயிறு காலைகளில் நாணயம் சேர்ப்போர் சங்கத்தார் கூடுவார்கள். மெய்லானி அங்கே புதிதாக ஆல்பக் கடை போட்டிருந்தாள். விட்யோ ஓர் ஆல்பத்தைப் பிரித்து முகர்ந்தார். தாளை மடக்கிப் பார்த்தார். எங்கே செய்தது, யார் கொடுத்தது என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்விகளை மாற்றிப் போட்டுக் கேட்டார். அவள் இரண்டு தடவையும் பிசகாமல் ஒரே பதில் சொன்னாள். அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

"ஒரு மூலைய வெட்டிப் பாக்கலாமா?"

"வெட்டுங்க பாக்," என்று பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடே சொன்னாள். "ஆனா வெட்டினத நீங்கதான் வாங்கிக்கணும்."

விட்யோ அதுவரை கொறித்துக்கொண்டிருந்த நெத்திலி வறுவல் பொட்டலத்தைக் கீழே வைத்தார். பையிலிருந்து லைட்டரையும், மரப்பிடி போட்ட செப்புக் கம்பியையும் எடுத்தார். சூடேற்றிய கம்பியால் தாளைத் தொட்டு மறுபடி தீயில் காட்டினால், பி.வி.சி.யாக இருந்தால் சுடர் பச்சையாக எரியும். கம்பி முனையை விரலால் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினார். சுடர் பச்சையாக எழுந்தது.

"பாத்தீங்களா? பச்சை. வெள்ளிக்கு இது விஷம்," என்றார், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி. ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும் அதை வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

மெய்லானி சண்டைக்கு வரவில்லை. அவர் விரல்களையே பார்த்தாள். "கம்பிய மறுபடி அதே மாதிரி துடைச்சு, சும்மா தீயில காட்டுங்க. தாள்ல வைக்காதீங்க."

காட்டினார். அப்போதும் பச்சை.

"எரியறது என் ஆல்பம் இல்ல பாக், நெத்திலி உப்பு. கையக் கழுவிட்டு வாங்க. பச்சை போற வரைக்கும் கம்பியக் காய்ச்சிட்டு அப்புறம் வைங்க."

குழாயடியில் கை கழுவும்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை. மேலே வைத்திருப்பது நல்ல சரக்கு, அடியில் இருப்பது வேறாக இருக்கும் என்று தோன்றியது. திரும்பி வந்து பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை அவரே உருவினார். பச்சை போகக் காய்ச்சிய கம்பியால் தொட்டுக் காட்டியபோது சுடர் மஞ்சளாகத்தான் எரிந்தது. இன்னும் இரண்டு உருவினார். மஞ்சள்தான்.

"இப்ப அந்த ரெண்டு பேர்கிட்டயும் நீங்களே போய்ச் சொல்லணும்," என்றாள் மெய்லானி.

போய்ச் சொன்னார். அந்த மனைவி சிரித்தாள். "கொஞ்ச நேரம் முன்னாடி விஷம்னீங்க. அதுக்குள்ள அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன குடுத்துது?"

பஸ்ஸில் திரும்பும்போதுதான் ருஸ்தியின் நினைப்பு வந்து அவரைக் குடைந்தது. நாலு வருஷத்துக்கு முன் அதே வராந்தாவில் ஆல்பம் விற்றவர் ருஸ்தி. இதே கம்பி, இதே பச்சை. விட்யோ சங்கம் முழுக்கச் சொல்லிவிட, இரண்டே மாதத்தில் ருஸ்தி வருவதை நிறுத்திக்கொண்டார். அன்று வெட்டிய தாளை விட்யோ சாட்சியாக அலமாரியில் வைத்திருந்தார். வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவி, கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, அந்தத் தாளைத் தொட்டார். மஞ்சள்.

ருஸ்தி இப்போது பக்கத்து ஊரான கெண்டாலில் ஹெல்மெட் கடை வைத்திருந்தார். மறுநாள் வாசலில் விட்யோவைப் பார்த்ததும், உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

"இப்ப எதை எரிக்க வந்தீங்க?"

விட்யோ நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், நெத்திலி உட்பட. தப்பு தன் மேல்தான் என்றார். ருஸ்தியின் முகம் இளகவில்லை.

"யார் அனுப்பினாங்க உங்கள?"

"யாரும் இல்ல. நானாத்தான் வந்தேன்."

"நாலு வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் தானா வந்து இப்படிச் சொல்வானா? நான் நம்பல பாக். நிஜமா இருந்தா அன்னிக்குச் சொன்ன மாதிரியே எல்லாருக்கும் சொல்லுங்க."

விட்யோ அன்று மாலையே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தன் பெயர் போட்டு எழுதினார். சில பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். சங்கத் தலைவர், விட்யோ இனிமேல் கம்பியை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும் என்று எழுதினார். எழுதியதை விட்யோ ருஸ்திக்கும் அனுப்பிவைத்தார்.

மூன்று வாரம் கழித்து ருஸ்தி வராந்தாவுக்கு வந்தார். விட்யோ எழுந்து நின்றார். ருஸ்தி அவரைத் தாண்டிப் போய் மெய்லானியின் கடையில் நின்று, ஓர் ஆல்பத்தைப் பிரித்து, தையலை இழுத்துப் பார்த்தார். இருவரும் வெகுநேரம் சரக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று போய்க் கேட்க விட்யோவுக்கு வாய் வரவில்லை.